கரையோரத் தூண்டில்: இடமும் இரையும்



"கடற்கரைக்குப் போய் நாள் முழுதும் உட்கார்ந்தோம், இறால் வாங்கிய காசுக்குக்கூட மீன் கிடைக்கவில்லை" என்று சொல்லாத தூண்டில்காரர் நம் தோட்டங்களில் குறைவு. ஓய்வென்று கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள். அந்த ஒரு நாளில் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய், கடையில் இறால், பிள்ளைகளுக்குக் குளிர்பானம் என்று செலவு செய்துவிட்டு, மாலையில் வாளியில் நாலு கெளுத்தியோடு திரும்பினால், வீட்டிலுள்ள அம்மாள் கேட்கும் கேள்விக்கு யாரிடமும் பதில் இராது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த இரையோடு உட்காருவது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. அதையே இன்று பேசப் போகிறோம். பினாங்கிலிருந்து மலாக்கா வரை நீளும் மேற்குக் கரைதான் நம் பேச்சுக்கு எல்லை. கரையிலும் ஆற்று முகத்திலும் நின்று போடும் தூண்டிலைப் பற்றியே சொல்வோம். படகில் போய்ப் பிடிப்பது வேறு கலை.

நம்மவர்களுக்குக் கடல் பழகாமல் போனதற்குக் காரணம் உண்டு. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவந்த காலத்தில், திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களின் வயற்காட்டு மக்களே மிகுதியாக வந்தார்கள். ஏர் பிடித்த கைகள் அவை. வலை பிடித்த கைகள் அல்ல. ஆகவே பாட்டன் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்த கடல் வித்தை என்று நம்மிடம் அதிகம் இல்லை. நாம் அறிந்ததெல்லாம் மலாய்க் கம்பத்து மீனவர்களும் சீன மீன்பிடி கிராமத்தாரும் காட்டிக் கொடுத்தவை. அதனால்தான் நம் வாயில் பாதி மீனுக்கு மலாய்ப் பெயர் வருகிறது. கொடுவாய் என்றால் பலருக்குப் புரியாது; சியாக்காப் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிப் போவோம்.

முதலில் தண்ணீரைப் புரிந்துகொள்ள வேண்டும். மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறும். இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். நாளுக்கு நாள் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். சென்ற ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வற்றிக் கிடந்த கரையில் இந்த ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்குத் தண்ணீர் தளும்பி நிற்பது இதனால்தான். "போன வாரம் இங்கேதான் நிறையப் பிடித்தோம், இன்று ஒன்றுமே இல்லையே" என்று வியப்பவர்கள், இடத்தைப் பார்த்தார்களே தவிர நேரத்தைப் பார்க்கவில்லை.

இந்தக் கணக்கை அறிய நம் வீட்டுச் சுவரிலேயே ஒரு கருவி தொங்குகிறது. தமிழ் நாட்காட்டியைத்தான் சொல்கிறோம். அமாவாசை, பௌர்ணமி ஆகிய இரு நாட்களிலும், அவற்றை அடுத்து வரும் இரண்டு மூன்று நாட்களிலும் கடல் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக வற்றும். அட்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் குறைவு, வற்றும் குறைவு. மலாய்க்காரர்கள் இதை ஆயர் மாத்தி, அதாவது செத்த தண்ணீர் என்பார்கள். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய கடலில் பெரிய வெள்ள நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நான்கு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் இருக்கும். அது ஒரு லயத்து வீட்டின் கூரை உயரம். செத்த தண்ணீர் நாட்களில் அதில் பாதிகூட இராது.

இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். கிள்ளான் வட்டாரக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் காலை ஆறு ஏழு மணி வாக்கிலும் மாலை ஆறு ஏழு மணி வாக்கிலும் தண்ணீர் நிறைந்திருக்கும்; நண்பகலையொட்டி வற்றிக் கிடக்கும். அட்டமி நாட்களில் இது ஏறக்குறைய தலைகீழாகும். வடக்கே பேராக்கிலும் தெற்கே மலாக்காவிலும் நேரம் சற்று மாறும். துல்லியமான நேரம் வேண்டுவோர் ஜூப்பெம் எனப்படும் நில அளவை, வரைபடத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையைப் பார்க்கலாம், கைத்தொலைபேசியிலும் பார்த்துக்கொள்ளலாம். எனினும் நாட்காட்டியைப் பார்த்து மனத்தில் கணக்குப் போடத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

மீன் எப்போது கடிக்கும்? தண்ணீர் நடக்கும்போது கடிக்கும், நிற்கும்போது கடிக்காது. ஏறும் தண்ணீரோடு மீனும் சேற்றுத் திட்டின்மேல் ஏறி வருகிறது, அங்கே வெயிலில் கிடந்த புழு, நண்டுக்குஞ்சு, சிறு இறால் இவற்றைத் தின்பதற்காக. வற்றும் தண்ணீரில் அந்த இறாலும் குஞ்சு மீனும் ஓடைகளின் வழியாக இழுத்துக்கொண்டு வரப்படுகின்றன. பெரிய மீன் ஓடை வாயில் வந்து காத்து நிற்கும். ஆகவே ஏற்றம் தொடங்கி இரண்டாம் மணியிலிருந்து நான்காம் மணிவரை கரையில் உட்காருங்கள். வற்றும்போது ஓடை வாய்க்குப் போங்கள். அமாவாசை அன்றும் மறுநாளும் தண்ணீர் வெகு வேகமாக ஓடி ஈயத்தைத் தரையில் நிற்கவிடாது, கலங்கலும் அதிகம். அட்டமியில் ஓட்டமே இல்லாமல் மீன் சோம்பிக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் வரும் நாட்களே கரைத் தூண்டிலுக்கு நல்லவை என்பது நம் எண்ணம்.

இப்பொழுது, மீனைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். மோரிப், பாகான் லாலாங் போன்ற கரைகளில் தண்ணீர் வற்றினால் நெடுந்தூரம் வெறும் சேறும் மணலுமாகத் திறந்து கிடக்கும். தண்ணீர் இருக்கும் இடத்துக்கே போய்த் தூண்டில் போடலாம் என்று சிலர் நடந்துகொண்டே போகிறார்கள். பின்னால் பிள்ளைகளும் போகின்றன. கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. நான்கு மீட்டர் ஏறும் நாளில் முதல் மணி நேரத்தில் ஏறக்குறைய ஓரடிதான் ஏறும். "மெதுவாகத்தானே வருகிறது" என்று தோன்றும். இரண்டாம் மணியில் இரண்டடி. மூன்றாம் மணியில் மூன்றடிக்கு மேல். நான்காம் மணியிலும் அப்படியே. அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் வந்துவிடும்.

அதைவிட மோசமானது, தண்ணீர் எப்போதும் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. சேற்றுத் திட்டில் ஓடைகள் பள்ளமாக ஓடுகின்றன. கடல் ஏறும்போது முதலில் அந்தப் பள்ளங்களில்தான் தண்ணீர் புகும். நீங்கள் நிற்கும் மேடு காய்ந்தே இருக்கும். கரைக்கும் உங்களுக்கும் நடுவிலுள்ள பள்ளம் நிறைந்திருக்கும். திரும்பிப் பார்க்கும்போது நடுவில் ஓர் ஆறு. போகும்போது கணுக்கால் நனைந்த இடம், வரும்போது கழுத்தளவு. சேற்றில் முழங்கால்வரை புதைந்த காலை அவசரத்தில் இழுக்கவும் முடியாது. நீந்தத் தெரிந்தவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள். ஆகையால் சேற்றுத் திட்டில் இறங்குவதென்றால் தண்ணீர் இன்னும் வற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் இறங்குங்கள். வற்று முடியும் நேரத்துக்கு அரை மணி முன்பே கரையேறிவிடுங்கள். ஒருவர் கரையில் கடிகாரத்தோடு இருந்து கூப்பிடட்டும். புதைந்துவிட்டால் நின்றபடியே காலை இழுக்காமல், உடம்பைச் சாய்த்துப் பாரத்தைப் பரப்பி, மெல்ல மெல்லக் காலை விடுவித்து, தவழ்ந்து வரவேண்டும். உதவிக்கு 999 என்ற எண்.

இனி இடங்களைப் பார்ப்போம். கடலோரத் தோட்டங்களில் இருப்பவர்கள் வெகு தூரம் போக வேண்டியதே இல்லை. கேரித் தீவு, கோல சிலாங்கூர், பாகான் டத்தோ வட்டாரங்களில் தோட்டத்து நிலம் கடல் மட்டத்தைவிட அவ்வளவு உயரமானதன்று. கடல் நீர் உள்ளே வராமல் மண் கரை கட்டி, கால்வாய் கடலைச் சேருமிடத்தில் அடைப்புக் கதவு வைத்திருப்பார்கள். கடல் ஏறும்போது கதவு மூடும். வற்றும்போது திறந்து தோட்டத்துத் தண்ணீரை வெளியே விடும். கதவு திறந்ததும் உள்ளிருந்த சிறு மீனும் இறாலும் கால்வாய்த் தண்ணீரோடு வெளியே வந்து விழும். வாசலில் கொடுவாய் காத்திருக்கும், பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடக் காத்திருப்பது போல. கதவிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி, ஓட்டமும் அமைதித் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் உயிர் இறாலை விடுங்கள். கதவின் சிமெண்டுத் தளத்தில் பாசி படிந்து வழுக்கும். அதன்மேல் ஏறி நிற்காதீர்கள். தண்ணீர் பாயும் வேகத்தில் விழுந்தவர் எழுவது கடினம். தோட்ட நிர்வாகம் போகக்கூடாது என்று பலகை வைத்திருந்தால் அதற்குக் காரணம் உண்டு.

கேரித் தீவு, கேரி என்ற தோட்டத் துரையின் பெயரைத் தாங்கியது. லங்காட் ஆறு அதைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கிறது. மரச் சிற்பத்துக்குப் பெயர் பெற்ற மா மெரி மக்களின் கிராமங்களும் அங்கே உண்டு. ஆற்றங்கரையின் காண்டா மரங்களுக்கிடையே எந்த ஓடையில் எந்த மீன் என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. அவர்கள் வலையும் பொறியும் வைத்திருக்கும் ஓடைகளை விட்டுத் தள்ளி உட்காருவது மரியாதை. கேட்டால் நல்ல இடத்தை அவர்களே காட்டுவார்கள்.

காண்டா மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாக்காவ் என்று நாம் சொல்லும் இந்த மரங்களின் வேர்ச் சிக்கல்தான் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டில். தைப்பிங்குக்கு அருகே கோல செப்பெத்தாங் பகுதியிலுள்ள மாத்தாங் காடு 40,000 எக்டருக்கும் மேற்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக முறைவைத்து வெட்டி, வெட்டிய இடத்தில் மீண்டும் வளரவிட்டுப் பராமரிக்கப்படுகிறது. அந்தக் கரையில் மீனும் இறாலும் இன்னும் கிடைப்பதற்குக் காடு இருப்பது ஒரு காரணம். காடு அழிக்கப்பட்ட கரையில் எவ்வளவு நல்ல இரை போட்டாலும் காத்திருப்புத்தான் மிச்சம்.

போர்ட்டிக்சன் கரை வேறு மாதிரி. சேறு குறைவு, மணலும் பாறையுமாக இருக்கும், தண்ணீரும் தெளிவு. கலங்கரை விளக்கம் நிற்கும் தஞ்சோங் துவானையொட்டிப் பாறைகள் உண்டு. மணற்பாங்கான இடங்களில் கிழங்கான் கிடைக்கும். மலாயில் புலுஸ் புலுஸ் அல்லது புந்தோங் டாமார் என்பார்கள். விரல் நீளத்திலிருந்து சாண் நீளம் வரை வளரும் வெள்ளி நிற மீன். சின்ன முள், சின்னப் புழு, இவ்வளவு போதும். பிள்ளைகளுக்குப் பழக ஏற்ற மீன் இதுதான். பாறை ஓரங்களில் களவாய், அதாவது கெராப்பு, பொந்துக்குள் இருக்கும். கடித்தவுடன் இழுக்காவிட்டால் பொந்துக்குள் நுழைந்து செவுளை விரித்துக்கொள்ளும். பிறகு நரம்பு அறுவதைத் தவிர வேறு வழியில்லை.

கிழக்குக் கரை உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக் காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும். அப்போது கரைப் பாறையில்கூட நிற்கக்கூடாது. மேற்குக் கரையிலோ ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியற்காலையில் சுமாத்ராக் காற்று என்னும் புயல்மழை திடீரென்று அடிக்கும். மேற்கு வானம் கறுத்து வந்தால் தூண்டிலைச் சுருட்டுங்கள். இடி முழங்கும்போது கையில் நீளமான கம்பு பிடித்து வெட்டவெளியில் நிற்பது மின்னலை அழைப்பதாகும்.

அடுத்தது இரை. நம் தூண்டில்காரர்கள் உம்பான் என்பது இதைத்தான். கடையில் இறால் வாங்கித்தான் தீரவேண்டும் என்பதில்லை. கையில் ஒரு தாங்கோக், அதாவது பிடி வைத்த சிறு வலை இருந்தால், வற்றுக் காலத்தில் ஓடை ஓரத்துப் புல்லிலும் வேரிலும் அரித்தால் விரல் நீள இறால் வேண்டிய அளவு கிடைக்கும். இலவசமாகக் கிடைப்பதோடு, அங்குள்ள மீன் நாள்தோறும் தின்பதும் அதுவே. உயிர் இறாலைக் கோர்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. தலையில் கொம்புக்குக் கீழே கறுப்பாக ஒரு புள்ளி ஓட்டினூடே தெரியும். அதில் முள் பட்டால் இறால் உடனே சாகும். அந்தப் புள்ளிக்கு முன்னால் கொம்பின் அடியில் குறுக்காகக் குத்துங்கள். அல்லது வாலுக்கு முந்திய கணுவில் குத்துங்கள். துள்ளிக்கொண்டே இருக்கும். வாளியை நிழலில் வைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அரை மணியில் எல்லாம் செத்து மிதக்கும்.

மேற்குக் கரையின் சிறந்த இரை கடற்புழு என்பதே நம் கருத்து. உம்புன் உம்புன் என்றும் பொம்புன் என்றும் சொல்வார்கள். ஒரு வகை மணற் சேற்றில் குழாய் போலக் கூடு கட்டி வாழும். கூட்டின் நுனியில் சிப்பித் துண்டும் குப்பையும் ஒட்டி, மண்ணுக்கு மேல் விரல் நுனியளவு நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு வகை காண்டா மரச் சேற்றின் ஆழத்தில் இருக்கும். ருவாட் என்று பெயர். எத்தனையோ காலமாகத் தோண்டியெடுத்து விற்கப்பட்டு வந்த இந்தப் புழுவை 2014-இல்தான் அறிவியலார் ஒரு தனி இனம் என்று விவரித்தார்கள். மோரிப்பின் பெயரை ஒட்டி மார்பிசா மொரிபிடி என்று பெயரிட்டார்கள். நம் காலடிச் சேற்றில் நெளிந்ததற்கு உலகப் பெயர் கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று.

புழுவைத் தோண்டும்போது பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். மண்வெட்டியால் ஒரு கட்டிச் சேற்றைப் பெயர்த்தெடுத்து, கையால் பிட்டு எடுக்க வேண்டும். தோண்டிய குழியை மூடிவிடுங்கள். அடுத்தவர் கால் அதில் போகும், அந்த இடத்தில் புழு மீண்டும் வளர்வதும் தடைப்படும். ஈரச் சேற்றோடு டின்னில் நிழலில் வைத்தால் பொழுதுக்கும் உயிரோடு இருக்கும். டின் என்றதும் நினைவுக்கு வருகிறது: களைக்கொல்லி, பூச்சி மருந்து வந்த கலத்தை எவ்வளவு கழுவினாலும் இரைக்கோ மீனுக்கோ பயன்படுத்தாதீர்கள். அந்த மீன் உங்கள் பிள்ளையின் தட்டுக்கு வரப்போகிறது.

தோட்டத்து மண்புழுவைக் கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். ஆற்றில் கொண்டுபோகலாம். உப்புத் தண்ணீரில் அது சற்று நேரத்தில் செத்து வெளுத்துத் தொங்கும். எண்ணெய்ப்பனைப் பழமும் ஆற்று மீனுக்கான இரைதான். கடலில் அதை எந்த மீனும் சட்டை செய்யாது. அத்துடன் உதிரிப் பழம் தோட்டத்துக் கணக்கில் இருக்கிறது.

மீனுக்கு மீன் நாக்கு வேறு. மடவை, அதாவது பெலானாக், சேற்றுப் பாசியை மேயும் மீன், இறாலைப் பார்க்காது. ரொட்டியைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மிளகளவு உருட்டிச் சின்ன முள்ளில் வையுங்கள். கத்தாளை, அதாவது கெலாமா, சேற்றுத் தரையை ஒட்டித் திரியும்; புழுவுக்கும் இறால் துண்டுக்கும் வரும். பிடித்ததும் கொர் கொர் என்று சத்தம் போடும். தலைக்குள் இரண்டு வெள்ளைக் கல் இருக்கும், பிள்ளைகள் சேர்த்து வைப்பார்கள். காலா மீனுக்கு, அதாவது செனாங்கினுக்கு, கலங்கிய தண்ணீர் பிடிக்கும். மோவாயிலுள்ள நூல் போன்ற மீசையால் தடவித்தான் இரை தேடுகிறது. உயிர் இறாலும் புழுவும் அதற்கு உகந்தவை. திருக்கைக்குக் கெம்போங் மீனை நீளவாக்கில் வெட்டிய துண்டு; கணவாய்த் துண்டு முள்ளில் உறுதியாக நிற்பதால் சில்லறை மீன் கொத்திக்கொண்டு போகாது. கெளுத்திக்கு எதுவும் ஆகும், கோழிக்குடல் உட்பட. கெளுத்தியே வேண்டாம் என்று வந்தவர் கோழிக்குடல் போடாமலிருப்பது நல்லது.

கொடுவாய் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எல்லாத் தூண்டில்காரருக்கும் கனவு மீன் அது. பிறக்கும்போது பெரும்பாலும் ஆணாகப் பிறந்து, சில ஆண்டுகள் வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிறது. அதனால் மிகப் பெரியவையெல்லாம் முட்டையிடும் தாய்களே. குஞ்சு காண்டாக் காட்டு ஓடைகளில் வளர்கிறது. கையளவு குஞ்சு மாட்டினால் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடுவது உங்கள் ஓடைக்கே நல்லது. கொடுவாய் இரையை ஒரே இழுப்பாக உறிஞ்சி விழுங்கும்; செவுள் மூடியின் விளிம்பு கத்தி போல நரம்பை அறுக்கும். ஆகவே முள்ளுக்கு மேலே ஓர் அடிக்குத் தடித்த நரம்பு கட்டுங்கள்.

கருவிக்கு அதிகச் செலவு வேண்டாம். கம்பும் சுருளும் இல்லாதவர் ஒரு மரக்கட்டையில் சுற்றிய நைலான் நரம்பே வைத்து நன்றாகப் பிடிக்கலாம். சேற்றுத் தரைக்கு ஈயம் அடியிலும் முள் அதற்கு ஒரு சாண் மேலேயும் இருக்கட்டும். இரை சேற்றில் புதையாது. ஈயத்துக்குப் பதிலாகப் பழைய ஸ்பார்க் பிளக் கட்டுவோர் உண்டு. வேரில் சிக்கி அறுந்தாலும் நட்டமில்லை. ஈயத்தைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈயம் நஞ்சு, சிறுவர்களுக்கு இன்னும் கேடு. அறுந்த நரம்பைக் கரையில் எறியாதீர்கள். கொக்கும் நாரையும் காலில் சுற்றிச் சாகின்றன.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். வெடி, நஞ்சு, மின்சாரம் கொண்டு மீன் பிடிப்பதை 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. துபா வேரை இடித்து ஓடையில் கலக்குவதும் இதில் அடங்கும். கழி நட்டு அடையாளமிட்ட கெராங் படுகைகள் பிறருடைய பயிர். அதில் இறங்கிக் கிளறுவது ஒருவர் காய்கறித் தோட்டத்தில் புகுவதைப் போன்றது.

கையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி என்ன? கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முட்கள். அரத்தைப் போன்ற பல் உள்ளவை, நஞ்சும் உண்டு. செம்பிலாங் என்னும் வால் நீண்ட கருங்கெளுத்தியின் குத்து அதைவிடக் கொடியது; பெரிய ஆளையும் அழவைக்கும். திருக்கைக்கு வாலில் முள். குத்திவிட்டால் சுண்ணாம்பு தடவுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் வீண். கடித்து உறிஞ்சவும் வேண்டாம். பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் குத்துப்பட்ட இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வையுங்கள். நஞ்சு சூட்டில் செயலிழந்து வலி தணியும். வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாது. ஆகவே குத்துப்படாத இன்னொரு கையால் சூட்டைச் சோதித்த பிறகே அமிழ்த்துங்கள். ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர் கொண்டு போவது காப்பிக்கு மட்டுமன்று. வலி தணிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். முள் உள்ளே ஒடிந்திருக்கலாம், சேற்றுப் புண் சீழ் வைக்கும். மார்பிலோ வயிற்றிலோ திருக்கை முள் ஏறியிருந்தால் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பேத்தை, அதாவது புந்தால், பிடிபட்டதும் பந்து போல ஊதும். பிள்ளைகளுக்கு வேடிக்கை, சமையலுக்கு வந்தால் எமன். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் உள்ள நஞ்சு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. உதடு மரத்து, கை கால் செயலிழந்து, மூச்சு நின்றுவிடும். 2023 மார்ச்சில் ஜொகூர் குளுவாங் வட்டாரத்தில் இந்த மீனைச் சமைத்துண்ட முதிய கணவன் மனைவி இருவரும் உயிரிழந்தார்கள். "சுத்தம் செய்யத் தெரியும்" என்று யார் சொன்னாலும் வீட்டுக்குள் விடாதீர்கள். காண்டாச் சேற்றில் திரியும் உருண்டை வால் பெலாங்காஸிலும் இதே நஞ்சு இருப்பதுண்டு. பெலாங்காஸ் முட்டையை ருசி பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

பிடித்த மீனை வெயிலில் வாளித் தண்ணீரில் போட்டு மாலைவரை வைப்பது தவறு. தண்ணீர் சூடாகி மீன் குழையும். போகும்போதே கொஞ்சம் பனிக்கட்டி கொண்டுபோய், பிடித்தவுடன் செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு, மீன் ஓர் அடுக்கு, பனிக்கட்டி ஓர் அடுக்கு என்று வையுங்கள். கெளுத்தியை மட்டும், பையில் போடும் முன்பே குறடால் மூன்று முட்களையும் அடியோடு வெட்டிக் கரையிலேயே குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். செத்த கெளுத்தியின் முள்ளும் குத்தும். இருட்டிய பிறகு குசினியில் அந்தப் பையைப் பிரிக்கப் போவது வீட்டுப் பெண்களின் கைதானே.